ஈப்போ போகும்வரை பேசு

மயங்கிய குழந்தை ஒன்று அவசரப் பிரிவுக்கு வந்தால் என் கை முதலில் அது சுற்றியிருக்கும் துணியின் மூலைக்குத்தான் போகும். நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுவண்டியைத் தள்ளுவேன். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்த காலம் முழுக்க எனக்கு இந்தப் பழக்கம் இருந்தது. கூட வேலை பார்த்த பையன்களுக்கு அது பெரிய தமாஷ்.

“அண்ணே, மோதிரம் கீதிரம் கெடைச்சா நமக்கும் பங்கு லா,” என்பான் தினேஷ்.

“ஒன் கல்யாணத்துக்குத்தான்டா தேடுறேன். மோதிரம் கெடைச்சிரும். பொண்ணுதான் கெடைக்குமான்னு தெரியல,” என்பேன்.

ஓய்வு பெற்ற அன்றும் அவன் கேட்டான். அன்றும் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு குனோங் ராபாட்டில் உள்ள வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டேன். அண்மையில் அவனே போன் செய்தான். தாத்தாவின் ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தின்ற குழந்தை ஒன்று வந்ததாம்.

“துணிய தடவிப் பாத்தேண்ணே. அதுல ஒண்ணுமில்ல. ஆனா என் கை தானா போயிருச்சு. இப்பவாச்சும் வெளாடாம சொல்லுங்க, எதுக்கு அது?”

குழந்தை பிழைத்துக்கொண்டதா என்று கேட்டேன். பிழைத்துவிட்டது என்றான். சரி, எழுதித் தருகிறேன் என்றேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுவது இது. பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டிக்கொள்ளுங்கள். அவர் எனக்கு நிறைய முட்டை போட்டவர்.

தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கேயே மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போனேன். விடியுமுன் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கர் கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அதைப் பெரட்டு என்போம். ஒரு நாள் கிராணி வரத் தாமதமானது. அவர் மூக்கால் பேசுகிற குரலிலேயே நான் பேர் கூப்பிட ஆரம்பித்தேன். எல்லாரும் “இருக்கேன் ஐயா” என்று பதில் சொன்னார்கள். கடைசியில் “ராசு” என்று என் பேரையே கூப்பிட்டேன். “இங்கதான்டா இருக்கேன்,” என்று பின்னாலிருந்து கிராணி சொன்னார்.

தண்டனையாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவ அனுப்பினார். கழுவினேன். பிறகு பாட்டில் கழுவினேன், பிறகு புண் கழுவினேன். வெட்டுக் காட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் சில கட்டில்கள், ஒரு மருந்து அறை, ஒரு பழைய வேன். டாக்டர் ஈப்போவிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நாளில் எல்லாம் டிரெஸர்தான் டாக்டர். எங்கள் டிரெஸர் ஞானமுத்து. வெள்ளைக் கால்சட்டை, கஞ்சி போட்ட சட்டை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் வரிசை. அவருக்குச் சத்தம் ஆகாது. கட்டிலை இழுத்தால் ஆகாது, கரண்டியைப் போட்டால் ஆகாது, நான் வாயைத் திறந்தால் சுத்தமாக ஆகாது.

“ஒன் வாய்க்கு ஒரு பிளாஸ்டர் போட்டாத்தான் இந்த வார்டு உருப்படும்.”

“போடுங்க ஐயா. அப்புறம் நோயாளிங்களுக்கு யாரு சிரிப்பு மருந்து குடுப்பா?”

“நான் எழுதிக் குடுக்காத மருந்து இங்க யாருக்கும் கெடையாது. போய் பாட்டில கழுவு.”

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் வேலை என்று வந்தால் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூக்கு. வாயருகே குனிந்து மோந்து பார்ப்பார். அடுத்து டார்ச்சு அடித்துக் கண்மணி. அடுத்து நாடி. பிறகு நகம், விரல் இடுக்கு, சட்டைப் பை, சுற்றிவந்த துணி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் தாயின் பக்கம் திரும்புவார். அப்போதும் “என்ன குடுத்த?” என்று கேட்க மாட்டார். “காலையில கோப்பி போட்டதுலேர்ந்து சொல்லு” என்பார்.

மண்ணெண்ணெய் குடித்த பையன் ஒருவனைக் கொண்டுவந்தபோது அதைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றுமே கொடுக்கவில்லை, ஒன்றுமே தின்னவில்லை என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள். டிரெஸர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோப்பியிலிருந்து சொல்லு என்றார். அடுப்புப் பற்றவைத்தேன், விறகு ஈரம், கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன், பாட்டிலை பெஞ்சுக்கு அடியில் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது சார்சி என்கிற கறுப்பு சோடா பாட்டில். பையன் சார்சி என்றே குடித்திருக்கிறான்.

“என்ன குடுத்தன்னு கேட்டா, நீதான் குத்தவாளின்னு அவ காதுல விழும். அப்புறம் வாய்லேர்ந்து ஒரே பதில்தான் வரும்,” என்றார் அன்று, கை கழுவிக்கொண்டே. அது என்னிடம் சொன்னதா, தண்ணீர்க் குழாயிடம் சொன்னதா தெரியாது.

இனி நான் சொல்ல வந்த நாள். எழுபதுகளின் கடைசி. அதற்கு முன் ஆயாக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்மார்கள் இருட்டோடு வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். தகரக் கூரை, நீள உத்தரம், அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தொட்டில் சேலை அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும். அம்மா வாசனை இருந்தால்தான் பிள்ளை கண்ணை மூடும். அந்தச் சேலையின் ஓரத்தில் சில தாய்மார் கோயில் திருநூற்றையோ துண்டு வசம்பையோ முடிந்துவைப்பார்கள், பிள்ளைக்குக் காத்து கறுப்பு அண்டாமல் இருக்க. ஒரு தாய் போட்ட முடிச்சை இன்னொருத்தி அவிழ்க்க மாட்டாள். அது எழுதாத சட்டம்.

கொட்டகையின் ராணி பச்சையம்மா ஆயா. குரல் பால் நிறுக்கிற ஸ்டோர் வரைக்கும் கேட்கும்.

“ஆயா, புள்ளைங்கள்லாம் எப்படி இவ்ளோ சீக்கிரம் கண்ண மூடுது? ஒங்க மொகத்தப் பாத்துப் பயத்துலதானே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒன்னயும் நான்தான்டா தொட்டில்ல போட்டேன். ஒரு நாளு கயிறு அறுந்து பொத்துன்னு விழுந்த. மண்டையில பட்டது இன்னும் சரியாவல.”

அந்தக் கொட்டகையில் மேகலாவும் இருந்தாள். அப்போதுதான் பிடித்து நிற்கப் பழகிய பிள்ளை. பல் முளைக்கிற தொல்லையில் கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள். என் விரலையும் ஒரு முறை கடித்து ருசி பார்த்திருக்கிறாள். அவள் அம்மா சரோஜா நல்ல வெட்டுக்காரி. மரத்தில் காயம் படாமல் சீவுவாள்.

அதற்கு முந்தின நாள் நல்ல மழை. காலையில் வெட்டு நடந்தது. பால் எடுத்து ஸ்டோருக்கு வருகிற நேரத்தில் பச்சையம்மா ஆயா எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். அந்த உடம்பு ஓடி நான் பார்த்ததே இல்லை. கையில் தொட்டில் சேலையோடு சுருட்டிய மேகலா.

“ஐயா, புள்ள எந்திரிக்க மாட்டேங்குது. பால் குடுக்கத் தூக்கினேன், தலை தொங்குது. பல்லு வலியில ஒரு வாரமா அழுதுக்கிட்டே இருந்துச்சா, இன்னிக்காவது தூங்குதேன்னு சந்தோசமா விட்டுட்டேன் ஐயா.”

டிரெஸர் வாங்கி மேசையில் போட்டார். முகம் வெளுத்து, கை கால் சில்லென்று இருந்தது. மூக்கு வைத்தார், வாசனை ஒன்றும் இல்லை. டார்ச்சு அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கண்மணி எள் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நாடி பிடித்தார். ஒரு நாடிக்கும் அடுத்த நாடிக்கும் நடுவில் அவர் புருவம் காத்திருப்பது தெரிந்தது. தோளைக் கிள்ளினார். மேகலா கண்ணைத் திறந்து சிணுங்கினாள், மூச்சு நன்றாக வந்தது. கையை எடுத்ததும் மறுபடி மயக்கத்துக்குள் போய்விட்டாள்.

நகம் பார்த்தார். விரல் இடுக்குப் பார்த்தார். சேலையை விரித்து உதறினார். ஓரத்தில் ஒரு முடிச்சு இருந்தது. விரல் அதன் மேல் பட்டது, விலகிவிட்டது. எனக்கு அதன் காரணம் தெரியும். முன்பு ஒரு பிள்ளையின் இடுப்புத் தாயத்தை அவர் ஊசி போடுவதற்காகக் கழற்றிவைக்கப்போய், வேதக்காரர் எங்கள் சாமியைத் தொடுகிறார் என்று எங்கள் வீட்டு வரிசையில், லயத்தில், பெரிய பேச்சாகிவிட்டது. அதிலிருந்து அந்த மாதிரி விஷயங்களில் கை வைக்க மாட்டார். ஆயா காலையில் தொட்டில் கட்டும்போது அந்த முடிச்சைப் பார்த்திருக்கிறாள். திருநூறு என்று விட்டிருக்கிறாள். நானும் பார்த்தேன். நானும் அதையேதான் நினைத்தேன்.

பிறகு டிரெஸர் ஆயாவிடம் திரும்பினார். கோப்பியிலிருந்து சொல்லச் சொல்வார் என்று நான் நினைத்தேன்.

“என்ன குடுத்த?” என்றார்.

“ஒண்ணும் குடுக்கல ஐயா.”

“தூங்கறதுக்கு என்ன குடுத்த? அபினா? இருமல் மருந்தா?”

“சாமி சத்தியமா ஒண்ணும் குடுக்கல. ஏன் ஐயா என்னப் போயி இப்படிக் கேக்குறீங்க?”

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கிராணியும் வந்து நின்றார். டிரெஸர் எந்தக் காலத்திலும் குரல் உயர்த்தாத மனிதர். அன்று உயர்த்தினார். “பொய் சொல்லாத. கண்ணு சொல்லுது. நீ சொல்ற ஒவ்வொரு பொய்யும் இந்தப் புள்ளையோட மூச்சு.”

கிராணி ஆயாவைப் பார்த்து, “இனிமே கொட்டகைப் பக்கம் வராத,” என்றார். ஸ்டோர் வரைக்கும் கேட்கிற குரல் அப்படியே அடைந்துபோயிற்று. ஆயா படியிறங்கிப் போனாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

யாரோ புளித்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார்கள், வாந்தி எடுக்கவைக்க. டிரெஸர் அதைத் தட்டிவிட்டார். “தூங்குற புள்ள வாயில சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. நெஞ்சுக்குள்ள போயிரும். பாக் மான், வேன எடுங்க.”

பாக் மான் எங்கள் வேன் டிரைவர். மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வேனில் ஏறும்போது என் காதில் சொன்னார்: “இவரு முன்னால வேல பாத்த தோட்டத்துல ஒரு ஆயா பிள்ளைங்களுக்கு அபின் தடவித் தூங்க வைப்பா. ஒரு பிள்ளை இவர் கையிலதான் போச்சு. அதே கண்ணு. அதான் இவரு இப்படி.”

ஸ்டோர் வாசலில் நிறுத்தி, பால் வாளியோடு நின்ற சரோஜாவை ஏற்றிக்கொண்டோம். பிள்ளையைப் பார்த்தாள். அழவில்லை. பால் காய்ந்து ஒட்டிய கையோடு மேகலாவின் தலையைத் தொட்டாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

டிரெஸர் பிள்ளையை மடியில் போட்டு, ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்தார், இன்னொரு கையால் நாடி. செம்மண் பாதையில் வேன் குலுங்கியது. நான் எதிரில் உட்கார்ந்து வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேன் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் மேகலா மூச்சு விட்டாள். தார் ரோட்டுக்கு வந்ததும் குலுக்கல் நின்றது. மூச்சும் நின்றது. டிரெஸர் நாடியை விட்டுவிட்டு உள்ளங்காலைச் சுண்டினார். திடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி நாடி. மறுபடி மூச்சு இல்லை. அவருக்கு மூன்றாவது கை இல்லை.

“ராசு. காலப் பிடி. விடாம சீண்டிக்கிட்டே இரு. பேசு.”

“என்ன பேச ஐயா?”

“தெனமும் என்ன பேசுவியோ அத. சத்தமா. நிறுத்தாத.”

பிளாஸ்டர் போட வேண்டிய வாயைத் திறந்துகொள்ள உத்தரவு. நான் உள்ளங்காலை விரலால் கோடு போட்டேன். “ஏய் மேகலா, என் வெரல கடிச்சியே, காசு குடுக்காம போவப் பாக்குறியா? ஏந்திரி. ஒங்கம்மா ஒனக்கு மாப்பிள்ளை பாத்துட்டா. பாக் மான் மவன். மூக்கு ஒழுகிக்கிட்டே இருப்பான்.”

“என் மவனுக்கு என்னடா கொறைச்சல்?” என்றார் பாக் மான், ரோட்டைப் பார்த்தபடி.

“பாத்தியா, மாமனாரு கோவப்படுறாரு. கண்ணத் தொறந்து ஒரு சலாம் வை.”

மேகலா காலை இழுத்தாள். மூச்சு வந்தது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பலகை தாண்டும்போது, “இங்க தூங்கினன்னா எறக்கி விட்டுருவேன். எனக்குன்னு ஒரு கட்டிலு ரெடியா இருக்கு, பக்கத்துல ஒனக்கும் ஒண்ணு போடச் சொல்றேன்,” என்றேன். கிராணி குரலில் பெரட்டு எடுத்தேன். “மேகலா... மேகலா இருக்கியா?” சிணுங்கினாள். “இருக்காங்க ஐயா” என்று நானே பதில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. சிரிக்கவைக்கப் பேசியே பழகியவன், ஒருவரும் சிரிக்காத இடத்தில் பேசிக்கொண்டிருந்தேன்.

பேச்சுத் தீர்ந்துகொண்டே வந்தது. பிள்ளையின் கால் சேலையில் சிக்கியிருந்தது. விலக்கும்போது அந்த முடிச்சு என் கையில் பட்டது. நசநசவென்று ஈரம். விரலில் வெள்ளையாக ஒட்டியது. வேறு ஆள் கிடைக்காமல் சரோஜாவைச் சீண்டினேன்.

“என்னக்கா, எந்தக் கோயிலு திருநூறு இது? மாவு மாதிரி ஒட்டுது. சாமியும் பல்லு மொளைச்சு எச்சி விடுதா?”

சரோஜா என் விரலைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். அப்போதுதான் அது எந்தச் சேலை என்று பார்த்தாள் போலிருக்கிறது. பிடுங்கி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஊறிப்போன காகிதம், கூழாகிப் போன வெள்ளை, அதன் நடுவில் கரையாத அரை மாத்திரை.

அவள் கையை மூடிக்கொண்டாள். ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்பை நாங்கள் மலாய் வார்த்தையில் டாரா திங்கி என்போம். ஒரு வெட்டுக்காரர் மரத்தடியில் மயங்கி விழுந்த பிறகு, டாரா திங்கி உள்ளவர்களை வெட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று எங்கள் தோட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். வெட்டுப் போனால் புல் வெட்டுகிற வேலை. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆளைச் சோதித்துத் தோட்டத்து மேனேஜர் துரைக்குச் சொல்வது டிரெஸர். சரோஜாவின் நாத்தனாருடைய வெட்டு வேலையைப் பறித்ததே அவர் வாய்தான். மேகலாவைப் பெற்றதிலிருந்து சரோஜாவுக்கு டாரா திங்கி. புந்தோங்கில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். எந்த மனிதருக்குத் தெரியக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டாளோ, அந்த மனிதரின் மடியில் அவள் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

நான் காலைச் சீண்டிக்கொண்டே அவள் மூடிய கையைப் பார்த்தேன். ஒன்றும் பேச வரவில்லை.

கையைத் திறந்து டிரெஸர் முன்னால் நீட்டினாள்.

“ஐயா. ஆயா ஒண்ணும் குடுக்கல. இது என்னுது. டாரா திங்கி மாத்திரை.”

டிரெஸர் அதைப் பார்த்தார்.

“நேத்து வாங்கிட்டு வந்தேன். பஸ்ஸுல முந்தானையில முடிஞ்சேன். வந்ததும் மழை, ராத்திரி முழுக்க புள்ள அழுகை, மாத்திர ஞாபகமே இல்ல. தொட்டில் சேல காயல. இருட்டுல கொடியில கெடந்த அந்தச் சேலையவே உருவிக்கிட்டு வந்து ஆயாகிட்ட குடுத்துட்டேன். பல்லு வலியில புள்ள முடிச்சக் கடிச்சுச் சப்பியிருக்கு.”

“எத்தன இருந்துச்சு?”

“அஞ்சாறு இருக்கும் ஐயா.”

“சரி,” என்றார். “ராசு, ஏன்டா நிறுத்திட்ட? பேசு.”

ஈப்போவில் ஒரு சீன டாக்டரம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டார். டிரெஸர் மாத்திரைக் கூழையும் சேலையையும் கொடுத்து, வேனில் சொல்லக் கேட்டதைச் சொன்னார். முதலில் தான் அபின் என்று நினைத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். சரோஜா மாத்திரை வாங்குகிற கிளினிக் பக்கத்துக் கட்டடம்தான். ஆள் அனுப்பி எந்த மாத்திரை என்று கேட்டார்கள். இதுவும் கண்மணியை அப்படித்தான் சுருக்கும், நெஞ்சை மெதுவாக்கும், மூச்சை மறக்கவைக்கும் என்றார் டாக்டரம்மா. நாடியைத் தூக்க ஊசி போட்டார்கள், நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். மருந்தின் வேகம் தணிகிற வரைக்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

“ஜாஙான் பாகி டியா திடோர்,” என்றார் என்னைப் பார்த்து. தூங்கவிடாதே.

“நான் பேசினா யாருமே தூங்க மாட்டாங்க டாக்டர்,” என்றேன் மலாயில். என் பின்னால் டிரெஸர் இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம்.

மறுநாள் மேகலா எழுந்து உட்கார்ந்து பால் கேட்டு அழுதாள். நர்ஸுகள் காதைப் பொத்திக்கொள்கிற அழுகை. டிரெஸர் அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். சத்தம் ஆகாத மனிதர்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேனை லயத்தில் நிறுத்தச் சொன்னார். எல்லாரும் வேலை முடிந்து வாசலில் இருக்கிற மாலை நேரம். பச்சையம்மா ஆயா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கஞ்சி போட்ட சட்டை கசங்கிப்போய் அவர் வாசலில் நின்றார். நானும் பாக் மானும் பின்னால்.

“பச்சையம்மா.”

கதவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனார்.

“நான் கேட்டது தப்பு. எல்லாரும் இருக்கும்போது கேட்டேன். அதனால எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்.”

கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது. “நேத்து நான் சொன்னேன். நம்பல. இன்னிக்கு யாரு சொல்லி நம்பினீங்க?”

“சரோஜா சொன்னா.”

“அவளே சொன்னாளா? ஒங்ககிட்டயா?”

“என்கிட்டயேதான்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கதவு திறந்தது. ஆயா கண் வீங்கியிருந்தது. டிரெஸரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “புள்ள பால் குடிச்சுச்சாடா?” என்றாள்.

“குடிச்சு, நர்ஸ் சட்டையில கக்கிட்டா ஆயா.”

“கக்குவா, கக்குவா,” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் கிராணியே வந்து ஆயாவைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். லயத்துப் பேச்சு ஆபீசுக்கும் எட்டி, சரோஜாவின் வெட்டுப் போய்விட்டது. டிரெஸர் துரையிடம் போய், மாத்திரை சாப்பிட்டால் இவள் மயங்க மாட்டாள், நான் பொறுப்பு என்று வாதாடினார். துரை கேட்கவில்லை. டிரெஸர் விடவில்லை. டாரா திங்கி உள்ளவர்கள் மாத்திரையை வீட்டில் வைக்க வேண்டாம், தினமும் பெரட்டுக்கு வரும்போது என்னிடம் ஒன்று வாங்கி என் முன்னாலேயே விழுங்குங்கள், உங்கள் பேர் என் வாயிலிருந்து ஆபீசுக்குப் போகாது என்று ஆட்களிடம் சொன்னார். முதலில் யாரும் நம்பவில்லை. சரோஜா மட்டும் வந்தாள். இழக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. அவள் வந்து நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். யார் யாருக்கு என்று பார்த்து நானே அசந்துபோனேன். கிராணியும் வந்தார்.

சில வருஷம் சரோஜா புல் வெட்டினாள். எண்பதுகளில் இளவட்டங்கள் ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போக, வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் போனது. அப்போது துரைக்கு யாருடைய டாரா திங்கியும் ஞாபகம் வரவில்லை. சரோஜாவுக்கு மரம் திரும்பக் கிடைத்தது. அப்புறம் தோட்டமே துண்டு துண்டாக விற்றுப் போய், நான் ஈப்போவுக்கு வந்தேன்.

தினேஷ், நீ கேட்டது இன்னும் முடியவில்லை.

மேகலா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மறுபடி கொட்டகைக்கு வந்த காலையில் நான் அங்கே இருந்தேன். சரோஜா தொட்டில் சேலையை ஆயாவிடம் சுருட்டிக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஒரு முனையைக் காட்டினாள், மறு முனையைக் காட்டினாள். ஒரு மூலையில் திருநூற்று முடிச்சு இருந்தது. அதையும் அவளே அவிழ்த்துக் காட்டி, மறுபடி முடிந்தாள். ஆயா வாங்கிக் கட்டினாள். அடுத்து நின்ற தாயும் அப்படியே செய்தாள். அடுத்தவளும். யாரும் யாரையும் செய்யச் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தக் கொட்டகையில் தொட்டில் சேலை அப்படித்தான் கை மாறியது.

சில வருஷம் கழித்து ஒரு நாள் லயத்துப் பக்கம் போனேன். கொய்யா மரத்தடியில் பெண் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் துண்டு, அவளுக்குப் பிள்ளை ஒரு பால் டின். துண்டை விரித்து, இந்த முனை, அந்த முனை என்று பக்கத்துப் பெண்ணிடம் காட்டினாள். ஒரு மூலையில் மணலை முடிந்திருந்தாள். அதை அவிழ்த்து, “திருநூறுதான் ஆயா, பாத்துக்க,” என்று காட்டிவிட்டு, கிளையில் தொட்டில் கட்டி டின்னைப் படுக்கவைத்தாள்.

மேகலாதான். என் விரலைக் கடித்தவள். அவளிடம் அந்த நாளைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஏய், மண்ண எதுக்குடி அவுத்துக் காட்டுற? டின்னு என்ன கடிச்சா திங்கப் போவுது?” என்றேன்.

இதுகூடத் தெரியாதா என்பது போல் என்னைப் பார்த்தாள்.

“காட்டிட்டுத்தான் தூங்க வெக்கணும் மாமா. அப்பத்தான் புள்ள எந்திரிக்கும்.”

தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டு நடந்தேன்.